முதற்பிரதி வாங்கியவர்

"எனக்கு ஒங்கட புத்தகத்த முடிக்க ஏலாமப் போச்சு சேர்."

மஹ்மூத் இப்படிச் சொன்னதும் வீரய்யாவுக்குச் சுருக்கென்றது. கண்டி பஸ் நிலையத்தில் பின்னேர நெரிசல். திகனயில் புடைவைக் கடை வைத்திருக்கும் இந்த மனிதரைத்தான் போன மாதம் மேடையேற்றி, பொன்னாடை போர்த்தி, தம் நாவலின் முதற்பிரதியைக் கையில் கொடுத்திருந்தார்.

"ஏன் நானா, நல்லா இல்லையா?"

"அப்பிடியில்ல சேர். கடைசிக்குக் கிட்ட மட்டும் வந்துட்டன். அதுக்குப் பொறகுதான்..."

அதற்குள் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் திருச்செல்வம் குடையை மடக்கியபடி வந்து சேர்ந்தார். வெளியீட்டு விழாவில் நயவுரை சொன்னவர் அவர்தான். மஹ்மூத் சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டார்.

"வீரய்யா, நேற்றுத்தான் வாசிச்சு முடிச்சனான்," என்றார் திருச்செல்வம். "அந்தக் கடைசி அத்தியாயம் இருக்கே, இரவு முழுக்க நித்திரையில்லை. மனிசிக்கும் வாசிச்சுக் காட்டினன். அவவும் அழுதுபோட்டா."

வீரய்யாவின் கண் கலங்கிவிட்டது. மஹ்மூத் அதிபரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"நான் வாறன் சேர்," என்று திகன பஸ்ஸில் ஏறிவிட்டார்.

படித்தவனுக்கும் துணி கிழித்துக் கொடுக்கிறவனுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான் என்று நினைத்துக்கொண்டார் வீரய்யா.

மாநகர சபையில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற அவர் எழுதிய ஒரே நாவல் 'பதினேழாம் கட்டில்'. ஆஸ்பத்திரியில் அந்தக் கட்டிலில் கிடந்த அவருடைய மனைவி வடிவம்மாவின் கதை. கடைசி அத்தியாயத்துக்காகத்தான் முழுப் புத்தகத்தையுமே எழுதினார். எழுதிய பிறகு அதை மறுபடி பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. புரூஃப் பார்க்கிற வேலையையும் கொழும்பு அச்சகத்தாரிடமே விட்டுவிட்டார். விழா நாள் காலையில் புத்தகம் கட்டுக்கட்டாக வந்து இறங்கியபோதும் அட்டையை மட்டும் தடவிப் பார்த்தார். கையெழுத்துப் பிரதிக்கு நகலும் இல்லை; அச்சானதும் எறிந்துவிடுவார்கள் என்று தெரிந்தும் அதைத் திரும்பக் கேட்கவில்லை.

வடிவம்மா எப்படிச் செத்தாள் என்பது ஊரில் நாலு பேருக்காவது தெரிய வேண்டும். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அது நடந்துவிட்டது என்றே தோன்றியது. கோயிலில் கண்ட நல்லம்மா, "முடிவுல ரொம்ப அழ வச்சிட்டீங்கண்ணே," என்றாள். தபால் கந்தோர் அழகையா, "முடிவுன்னா அதுதாங்க முடிவு," என்று கையைப் பிடித்துக்கொண்டான். ஒவ்வொரு பேச்சிலும் அவர் நெஞ்சுப் பாரம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

ஆனால் மஹ்மூத் சொன்னது மட்டும் தைத்தபடியே கிடந்தது. முடிக்க முடியாதாம். என் வடிவம்மா சாகிற வரைக்கும் கூட இருக்கப் பொறுமையில்லாதவனுக்கு முதற்பிரதி ஒரு கேடா? ஒரு நாள் ஆத்திரம் தாங்காமல் அவரும் திகன பஸ்ஸில் ஏறினார்.

"வாங்க சேர், வாங்க. இந்தக் கதிரையில இரிங்க. பிளேன்டீ ஒன்டு..."

"டீயெல்லாம் வேணாம் முதலாளி." அண்ணன் முறை வைத்து நானா என்று கூப்பிட அவருக்கு வாய் வரவில்லை. "ஒங்களுக்குக் குடுத்த புத்தகத்த வாங்கிட்டுப் போகத்தான் வந்தேன். முடிக்க முடியாத புத்தகம் கடையில எதுக்கு?"

மஹ்மூத்தின் முகம் வாடிப்போயிற்று. சேலை பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் போகும்வரை காத்திருந்தார். பிறகு எழுந்துபோய் அலுமாரியைத் திறந்தார். உள்ளே மூன்று 'பதினேழாம் கட்டில்' இருந்தன.

"என்ட பிரதியில மட்டுந்தான் பிழையோன்டு நெனச்சன் சேர். டவுனுக்குப் போய் இன்னும் ரெண்டு வாங்கிப் பார்த்தன். எல்லாம் ஒரே மாதிரித்தான் இரிக்கி."

"என்ன பிழை?"

மஹ்மூத் முதற்பிரதியின் கடைசிப் பகுதியை விரித்து அவர் கையில் வைத்தார்.

வடிவம்மா மூச்சுத் திணறியபடி, கலஹாவிலிருந்து வரவேண்டிய தங்கைக்காக வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். அந்தப் பக்கம் அத்தோடு முடிந்தது. அடுத்த பக்கத்தின் தலைப்பு, 'கோழிகளுக்கு வரும் வெள்ளைக் கழிச்சலும் அதைத் தடுக்கும் முறைகளும்.'

வீரய்யா அவசரமாகப் புரட்டினார். கூட்டின் நீளம், அகலம். குஞ்சுகளுக்குக் கொடுக்கும் தீனி. கடைசி வரைக்கும் கோழிதான். எந்தப் புத்தகத்தின் தாள்களையோ சேர்த்துத் தைத்து அனுப்பியிருந்தார்கள். மற்ற இரண்டையும் பிரித்தார். அவற்றிலும் கோழி.

திருச்செல்வத்தின் மனைவி அழுதது ஞாபகம் வந்தது. நல்லம்மா அழுததும் ஞாபகம் வந்தது. வெட்கமா துக்கமா என்று அவருக்கே தெரியவில்லை. வடிவம்மா எப்படிச் செத்தாள் என்று ஒருவருக்கும் தெரியாது. அந்த அத்தியாயம் இனி எங்கேயும் இல்லை.

"நானா..." என்றார்.

"அன்டைக்கு பஸ் ஸ்டாண்டுல இதச் செல்லத்தான் வந்தன். அதிபர் அப்பிடிச் சென்னதும் ஒங்கட கண் கலங்கிட்டு. அதுக்குப் பொறகு எப்பிடி சேர் செல்லுற?"

மஹ்மூத் புத்தகத்தை மெதுவாக மூடி எடுத்துக்கொண்டார். இன்னொரு கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இப்ப மிச்சக் கதைய நீங்களே செல்லுங்க சேர். அந்தத் தங்கச்சி வந்து சேரும் மட்டும் அவங்களுக்கு உசுரு இருந்திச்சா?"