ஜோடி டிக்கெட்

வியாசர்பாடி கால்பந்து மைதானத்தின் வாசலில், இறந்து நாற்பது நாளான கணவன் எட்வினின் புகைப்படத்தை ஃபிலோமினா, முகம் பார்த்துக் கதவு திறக்கும் கேமராவுக்குக் காட்டினாள். இருவருக்கும் கதவு திறந்தது. ஆட்டம் முடிந்ததும் படத்தை அவன் நாற்காலியிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினாள். அவனை அங்கே விட்டுவரத்தான் வந்திருந்தாள்.

வெளிவாசல் திறக்கவில்லை.

"வீட்டுக்காரரு இன்னும் உள்ளதான் இருக்காருக்கா. ஜோடியா வந்தவங்க ஜோடியாத்தான் போகணும். பாத்ரூம்ல பாத்தீங்களா?" என்றான் காவலாளி.

"அவரு செத்துட்டாருப்பா."

"அவரு உள்ள வந்த பதிவு லீக்ல இருக்கற எட்டு கிளப்புக்கும் போயிடுச்சே! அதை அழிக்கணும்னா அவரே வந்து சம்மதம் சொல்லணும்."

படத்தை எடுத்துவர அவள் திரும்பி ஓடினாள். துப்புரவாளர்கள் குப்பையை அள்ளிப் போயிருந்தார்கள். எட்வினின் நாற்காலி துடைத்த ஈரம்கூடக் காயாமல் காலியாகக் கிடந்தது. அதற்குப் பக்கத்தில், தன் இடத்தில், அவள் மெல்ல உட்கார்ந்தாள்.