ஒன்பதாவது நிமிடம்

பெரம்பலூரில் ஓர் இதய மருத்துவமனை. மார்பெங்கும் ஒயர்கள் தொங்க, கொளஞ்சி டிரெட்மில்லில் நடந்துகொண்டிருக்கிறார். சுவரோரம் அவருடைய சகலை கலியபெருமாள் வேர்த்த நெஞ்சைத் துடைத்தபடி உட்கார்ந்திருக்கிறார். இருவரும் அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர்கள். மூன்று மாதம் முன்பு, ஒரே வாரத்தில் இருவருக்கும் ஸ்டென்ட் வைத்தார்கள். இந்தப் பரிசோதனையில் தேறினால்தான் மறுபடி லாரி ஏறலாம். கலியபெருமாளை நாலாவது நிமிடத்திலேயே டாக்டர் இறக்கிவிட்டார். கொளஞ்சிக்கோ எட்டு முடிந்துவிட்டது. காலடியில் ஓடும் பட்டை இன்னும் மேடாகிறது, கால் தளரவில்லை. "நல்லா நடக்குறீங்க. வலி வந்தா ஒடனே சொல்லிடணும்" என்கிறார் டாக்டர். அந்தப் பாராட்டைக் கலியபெருமாளால் விழுங்க முடியவில்லை. இவரும் நின்று தொலைந்தால் என்ன என்று மனசு கறுவுகிறது. அப்போது கொளஞ்சியின் இடது கை கம்பியை விட்டு மெல்லத் தாடையைத் தடவுகிறது; நெஞ்சுவலி ஏறிவரும் இடம் அது என்று கலியபெருமாளுக்குத் தெரியும். உதடு இறுகுகிறது. வாய் மட்டும் திறக்கவில்லை.

"சார், நிறுத்துங்க! அவருக்கு வலிக்குது, சொல்ல மாட்டேங்கிறாரு" என்று எழுந்துவிடுகிறார் கலியபெருமாள்.

பட்டை மெதுவாகி நிற்கிறது. "எனக்கு ஒண்ணுமில்ல சார், இவருக்கு வயித்தெரிச்சல்" என்று மூச்சிரைக்கிறார் கொளஞ்சி. டாக்டர் ஈ.சி.ஜி. வரைபடத் தாளைப் பார்த்துவிட்டு, "வலிச்சுதுல்ல?" என்று மட்டும் கேட்கிறார். கொளஞ்சியின் தலை குனிகிறது. அவரைக் கட்டிலில் படுக்கவைத்து, நாக்குக்கு அடியில் மாத்திரை வைக்கிறார்கள். கலியபெருமாள் அவர் கையைப் பிடித்துக்கொள்கிறார். தன் நெஞ்சு லேசாகிவிட்டதை முகம் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார்.