டிஸ்சார்ஜ் என்றால்

டெலிபோனைக் காதில் வைத்ததும் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் செல்வரத்தினம் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். பேச்சு இங்கிலீஷில் ஓடியது. ஜன்னலுக்கு வெளியே நின்ற வெள்ளையம்மாவுக்கு இருளப்பன் என்ற பெயரும் டிஸ்சார்ஜ் என்ற சொல்லும் மட்டும் பிடிபட்டன.

இருளப்பன் அவள் புருஷன். றக்வான மலைத் தோட்டத்தில் தேயிலை அரைக்கிற ரோலர் இழுத்து வலது கை போய், இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் கிடந்தான். புண் காய்ந்தால் டிஸ்சார்ஜ் என்று நர்ஸ் நோனா சொல்லியிருந்தாள்.

"ஐயா, டிஸ்சார்ஜ்னீங்களே, எங்க வூட்டுக்காரருக்குங்களா?"

"ஓம், அவனுக்குத்தான்."

செல்வரத்தினம் முன்பு யாழ்ப்பாணத்தில் இங்கிலீஷ் படிப்பித்தவர். சொற்களைப் பிரித்துக் காட்டும் ஆசை இன்னும் விடவில்லை. சார்ஜ் என்றால் வண்டியில் ஏற்றிய பாரம், டிஸ் என்றால் அதை இறக்குவது என்றார். கப்பலில் மூட்டை இறக்கினாலும் டிஸ்சார்ஜ், துவக்கு வெடித்தாலும் டிஸ்சார்ஜ், நோயாளி வீட்டுக்குப் போனாலும் அதே சொல்தான் என்று அவர் விளக்க, அவள் கைகூப்பிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கே வந்துருவாருங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பின்னேரப் பஸ்ஸுக்குப் போய் நில்."

அரிசிக்கு அலைந்த எழுபத்து நாலாம் வருஷம் அது. லயத்து வரிசை வீட்டில் அடுத்த காம்பரா ஜெயம்மாவிடம் ஒரு சுண்டு அரிசி கேட்டு வாங்கிக் கஞ்சி வைத்தாள். இடது கையால் பிடிக்கத் தோதாக, காது வைத்த கோப்பை ஒன்றையும் கழுவி வைத்துவிட்டு ஓடினாள்.

பஸ்ஸில் இறங்கியவர்களில் அவன் இல்லை. நாளைக்கு வந்துவிடுவார் என்று தனக்கே சொல்லிக்கொண்டு, தூறலில் நனைந்தபடி மேடேறினாள்.

லயத்து வாசலில் கஞ்சிச் சட்டி கவிழ்ந்து கிடந்தது. பாயும் தகரப் பெட்டியும் சாமி படமும் மழையில். காவற்காரன் காத்தமுத்து அவர்களுடைய காம்பராவுக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தான்.

"என்னண்ணே இது? அவரு வந்தா எங்க படுப்பாரு?"

காத்தமுத்து திரும்பிப் பார்க்கவில்லை. நீ பஸ்ஸுக்குப் போயிருக்கும் நேரத்தில் முடித்துவிடும்படி கிளாக்கர் ஐயா சொன்னார் என்றான்.

"அவருக்கு டிஸ்சார்ஜ்னு அந்த ஐயாதானே சொன்னாரு."

"டிஸ்சார்ஜ் பண்ணுனது ஆஸ்பத்திரி இல்ல தங்கச்சி, தோட்டத்துத் தொர. வேலைய விட்டே நிப்பாட்டிட்டாரு."