துப்பாக்கிக்கு வாங்கிய எண்ணெய்

பாதுகாப்பைச் சோதிக்க வந்த காவல் ஆய்வாளர் எங்கள் வங்கிக் காவலாளியின் துப்பாக்கியை முகர்ந்து பார்த்தார். "மேனேஜர் சார், இது சமையல் எண்ணெய். பிசினா ஒட்டிக்கிச்சு. அவசரத்துக்கு வெடிக்காது."

வாடிக்கையாளர்கள் முன்னாலேயே நான் காவலாளியிடம் குதித்தேன். "இதுக்குன்னே தனி எண்ணெய் வாங்கிக் குடுத்தேனே, குடிச்சிட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"தீர்ந்துபோச்சு சார்" என்று காவலாளி தலைகுனிந்தார். "வீட்டுல இருந்ததைப் போட்டேன்."

"ஒரே வாரத்துலயா? அவ்வளவும் எங்கேய்யா போச்சு?"

அவர் ஆய்வாளரிடமிருந்து துப்பாக்கியை வாங்கிக்கொண்டார்.

கோபம் தணியாமல் என் அறைக் கதவைத் தள்ளினேன், சத்தமில்லை. நாற்காலியில் போய் விழுந்தேன், சத்தமில்லை.

போன வாரம் அவரிடம் நான் கத்தியது நினைவுக்கு வந்தது. "கதவு, நாற்காலி எல்லாம் கிறீச்சிடுது. என்ன பண்ணுவியோ, நாளைக்குச் சத்தமே கேட்கக் கூடாது!"

கண்ணாடிக்கு வெளியே அவர் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.