மனுஷ வாடை அடிக்காத கோட்டு

டெக்ஸஸ் பண்ணைக்கு ஓரிக்ஸ் மான் வேட்டைக்கு வந்த பிரெஸ்டனின் அலட்டலைக் கேட்டு, காட்டுக்குக் கூட்டிப்போக வந்த பண்ணையாள் டெல்பர்ட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தீனி போட்டு வரவழைச்ச மானைச் சுடுறவனெல்லாம் ஒரு வேட்டைக்காரனாய்யா? எனக்கு அசல் காட்டு மிருகம்தான் வேணும்!"

"அப்படியே ஆகட்டும் சார். மனுஷ வாடை அடிக்காம இருக்க இந்தக் கோட்டைப் போட்டுக்குங்க."

அழுக்குக் கோட்டை மூக்கைச் சுளித்தபடி மாட்டிக்கொண்டு பிரெஸ்டன் புதரோரம் பதுங்கினான். கொஞ்ச நேரத்தில் மரங்களுக்கு நடுவிலிருந்து வந்த ஓரிக்ஸ் ஒன்று, அவனைப் பார்த்ததும் நேராக ஓடிவந்தது.

"ஐயோ, முட்ட வருது!"

துப்பாக்கி வெடித்தது.

செத்துக் கிடந்த மானின் கொம்பைப் பிடித்தபடி படம் எடுத்துக்கொண்டான். "பார்த்தியா, என்ன கொலைவெறி! நானா இருக்கப்போய் தப்பிச்சேன்."

"உங்க தைரியம் யாருக்கு சார் வரும்!"

அவன் கார் கேட்டைத் தாண்டியதும், டெல்பர்ட் அதே கோட்டைப் போட்டுக்கொண்டு பால் புட்டியோடு கொட்டகைக்குப் போனான்.

கோட்டைக் கண்டதுதான் தாமதம். தாயில்லாத ஓரிக்ஸ் குட்டியொன்று துள்ளி ஓடிவந்து அவனை முட்டியது.

"வாடா, அசல் காட்டு மிருகமே! நல்லாக் குடி. அவன் சுட்ட கிடாவையும் இப்படித்தானே வளர்த்தேன்."