பரீதா எப்படிச் சமாளிக்கிறாள்

"இப்ப நம்ம பரீதா பேசுவாங்க" என்று ஜானகிராமன் மைக்கை நீட்டியபோது, அதைப் பிடுங்கி அவர் தலையிலேயே போடலாமா என்றிருந்தது பரீதாவுக்கு.

வாங்கிக்கொண்டாள்.

துய்மா வீதியில் ஒரு ஹோட்டலின் மாடி ஹால். ஞாயிற்றுக்கிழமை காலை. டூட்டியில் இல்லாத மருத்துவமனை ஊழியர்கள் ஐம்பது அறுபது பேரை வரவழைத்திருந்தார்கள். வராதவர்களுக்கு ஒரு நாள் லீவு கழிக்கப்படும் என்று வாட்ஸப்பில் வந்திருந்தது. மேடைக்குப் பின்னால் நீலத்தில் பேனர்: 'மன அழுத்தத்தை வெல்வோம்'.

சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளர் முதல் வேலையாக ஆளுக்கொரு பலூன் கொடுத்து ஊதச் சொன்னார். மனதில் இருக்கும் பாரத்தை அதன்மேல் எழுதி உடைக்கச் சொன்னார். பக்கத்து நாற்காலியில் இருந்த லேப் சிவசங்கரி 'மாமியார்' என்று எழுதிவிட்டுச் சிரித்தாள். பரீதா எதுவும் எழுதவில்லை. வெறும் பலூனை இரண்டு கைக்கும் நடுவில் வைத்து நசுக்கினாள். அது உடைகிற வழியாக இல்லை. பயிற்சியாளரே வந்து குண்டூசியால் குத்தினார்.

பரீதாவுக்கு இன்சூரன்ஸ் கவுன்ட்டரில் வேலை. கம்பெனி பணம் தர மறுத்தால், நோயாளியின் சொந்தக்காரர்கள் வந்து கத்துவது அவளிடம்தான். அந்த வேலையோடு இரண்டு வருடமாக எம்.எஸ்.டபிள்யூ படிக்கிறாள். முடித்தால் மருத்துவமனைச் சமூகப் பணியாளர் ஆகலாம். கத்துகிறவர்களை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, வீட்டில் என்ன நிலைமை என்று கேட்கலாம்.

ஆசை நல்ல ஆசைதான். உடம்புதான் கூட வரவில்லை.

வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது தூங்கிப்போய், முதலியார்பேட்டையைத் தாண்டி எங்கேயோ இறங்குகிறாள். சீப்பு நிறைய முடி. போன மாதம் ஒரு பெரியவர், "பேனா இருந்தா குடும்மா" என்று கேட்டதற்கு அழுதுவிட்டாள். அழுததுகூடப் பரவாயில்லை. அழுதுகொண்டே அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாளே, அதை நினைத்தால்தான் ஆத்திரமாக வந்தது.

புதன்கிழமை ஜானகிராமனின் அறைக்குப் போய் நின்று ஒன்றே ஒன்று கேட்டாள்.

அவர்தான் மனிதவள மேலாளர். குரலை உயர்த்தியே பேசாதவர். "நீங்கதாம்மா நிகழ்ச்சியே. நீங்க இல்லன்னா நான் யாரை மேடையில ஏத்துறது?" என்றார். அவளைப் பணிநிரந்தரம் செய்கிற பேச்சு இந்த மாதம்தான் மேலே போகிறது என்பதையும் சிரித்துக்கொண்டே நினைவுபடுத்தினார். டீ வரவழைத்துக் கொடுத்தார். அந்த டீயைக் குடித்துவிட்டு, தேங்க்ஸும் சொல்லிவிட்டு வந்தது இன்னும் நெஞ்சில் எரிந்தது.

"வேலையும் பாக்குறாங்க, மேல்படிப்பும் படிக்கிறாங்க. என்னைக்காவது அவங்க முகத்துல சோர்வு பாத்திருக்கீங்களா? எப்படிச் சமாளிக்கிறாங்கன்னு அவங்க வாயாலயே கேப்போம்" என்று இப்போது கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார் ஜானகிராமன்.

என்ன பேச வேண்டும் என்பதையும் நேற்றே போனில் அனுப்பியிருந்தார். அதிகாலையில் எழுவது. நேரத்தைத் திட்டமிடுவது. எதையும் நல்லவிதமாக எடுத்துக்கொள்வது.

பரீதா போனை எடுத்துப் பார்க்கவில்லை.

"நான் சமாளிக்கலைங்க" என்றாள்.

முன்வரிசையில் யாரோ லேசாகச் சிரித்தார்கள்.

"இன்னைக்கு எனக்குக் கடைசி செமஸ்டர் பரீட்சை. லாஸ்பேட்டையில. இந்நேரம் கேள்வித்தாள் குடுத்திருப்பாங்க. லீவு கேட்டேன். எப்படி ரெண்டையும் சமாளிக்கிறேன்னு இங்க வந்து பேசச் சொல்லிட்டாங்க."

கத்திவிடுவோம் என்றுதான் பயந்திருந்தாள். கத்தவில்லை. 'உங்க க்ளெய்ம் ரிஜெக்ட் ஆயிடுச்சு' என்று கவுன்ட்டரில் சொல்கிற அதே குரல்தான் வந்தது.

பரீதா திரும்பி ஜானகிராமனின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் சுருங்குவதை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். பரீட்சைக்குப் பதிலாக அதுவாவது கிடைக்கட்டும்.

அவர் கண் கலங்கியிருந்தது. நிஜமாகவே கலங்கியிருந்தது.

மெதுவாக அவள் கையிலிருந்து மைக்கை வாங்கினார்.

"பாத்தீங்களா? பரீட்சையைக்கூட விட்டுட்டு நமக்காக வந்து நிக்கிறாங்க. இதுக்குப் பேருதாங்க அர்ப்பணிப்பு."

கைதட்டல் எழுந்தது. பயிற்சியாளர் நின்றுகொண்டே தட்டினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள்.

"தட்டாதீங்க" என்றாள் பரீதா.

மைக் அவளிடம் இல்லை. யாருக்கும் கேட்கவில்லை.

மேடையை விட்டு இறங்கினாள். தன் நாற்காலியைத் தாண்டி, வரிசைகளுக்கு நடுவே, வாசலைப் பார்த்து நடந்தாள். உணர்ச்சிவசப்பட்டுப் போகிறாள் என்று நினைத்திருப்பார்கள். கைதட்டல் இன்னும் கூடியது. வழியில் ஒருத்தி அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

படியில் பாதி இறங்கியபோது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. சிவசங்கரி ஓடிவந்தாள். ஒரு கையில் பரீதாவின் பை, இன்னொரு கையில் தன் வண்டிச் சாவி.

"உள்ள விட மாட்டாங்கடி. நேரம் தாண்டியிருக்கும்" என்றாள் பரீதா.

"விடலன்னா கேட்டுல நின்னு சண்டையாவது போடுவோம். வா."

மேலே இன்னும் தட்டிக்கொண்டிருந்தார்கள்.