நானூற்று இருபது மீட்டர்

அவள் ஓட்டிவந்த சிறிய விமானத்தின் கண்ணாடியில் ஓடுபாதை தெரிந்தது.

மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு சாம்பல் கோடு. நானூற்று இருபது மீட்டர். இந்த முனையில் செங்குத்தான பாறை, அதன் கீழே கடல். அந்த முனையில் மலை.

காற்று மலையைத் தாண்டி வந்து விமானத்தைக் கீழே அழுத்தியது.

பயணிகள் இல்லை. பக்கத்து இருக்கையில் ஒரு நீலப் பெட்டியை வைத்து பெல்ட் போட்டிருந்தாள். உள்ளே நான்கு பை ரத்தம். ஓடுபாதை இருந்த அந்தச் சிறு தீவின் மருத்துவமனையில் ஒரு பெண்ணுக்குக் குழந்தை பிறந்துவிட்டது. ரத்தப்போக்கு நிற்கவில்லை.

ஓடுபாதைக்கு விளக்கு கிடையாது. வெளிச்சம் இன்னும் இருபது நிமிடம் இருக்கும்.

ரேடியோவில் டாக்டர் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டிருந்தார். இன்னும் எவ்வளவு நேரம்?

சக்கரங்களை இறக்கினாள். வேகத்தைக் குறைத்தாள்.

பாறை விளிம்பு நெருங்கும்போது விமானம் கல்லைப் போல இறங்கியது. இருக்கை அவளை விட்டுப் போனது. விளிம்பு அவள் கண் மட்டத்துக்கு ஏறி வந்தது. பாறை இடுக்கில் முளைத்திருந்த புல் ஆடுவதுகூடத் தெரிந்தது.

இரண்டு எஞ்சின்களுக்கும் முழு விசை கொடுத்தாள்.

இடது எஞ்சின் இருமியது.

ஒரு நொடி. பிறகு பிடித்துக்கொண்டது. கடல் பக்கமாகச் சாய்ந்து விலகினாள்.

ரெண்டு எஞ்சின் இருக்கே, உனக்கென்ன பயம் என்று தூத்துக்குடியிலிருந்து அம்மா போனில் கேட்பாள். இவ்வளவு மெதுவாகப் பறக்கும்போது ஒன்று நின்றுபோனால், ஓடுகிற மற்றதே விமானத்தைக் குப்புறப் புரட்டிவிடும். அம்மாவிடம் அதைச் சொன்னதில்லை.

அவளோடு விமானியாக வேலை பார்த்த லூக்காஸ் பிப்ரவரியில் இதே விளிம்பில் மோதித்தான் செத்தான். கயிறு கட்டிப் பாறையில் இறங்கி உடலை எடுத்தவர்களில் டாக்டரும் ஒருவர்.

மறுபடி ரேடியோ கரகரத்தது.

"திரும்பிப் போயிரும்மா. இனி ரத்தம் வேண்டாம்."

தமிழ்.

டாக்டர் இசக்கிமுத்து அம்பாசமுத்திரத்துக்காரர். அந்தத் தீவுக்கூட்டத்தில் தமிழ் தெரிந்தவர்கள் அவரும் அவளும் மட்டும்தான். ஆனாலும் ரேடியோவில் அவர் ஒருநாளும் தமிழ் பேசியதில்லை.

அவள் உடம்பு முழுக்க இளகியது. கை தானாகவே விமானத்தைத் திருப்பியது.

அவள் கிளம்பி வந்த பெரிய தீவு நாற்பது கிலோமீட்டர். அங்கே நீண்ட ஓடுபாதை. வரிசையாக விளக்குகள். அறையில் வெந்நீர்.

ஒரு நிமிடம் அப்படியே பறந்தாள்.

பிறகுதான் உறைத்தது. வேண்டாம் என்றார். அந்தப் பெண் பிழைத்துவிட்டாள் என்று சொல்லவில்லை. இறந்துவிட்டாள் என்றும் சொல்லவில்லை.

"பொழச்சிட்டாங்களா, டாக்டர்?"

இரைச்சல்.

"உயிர் இருக்கா? அத மட்டும் சொல்லுங்க."

ரேடியோவின் பொத்தானை யாரோ அழுத்துவது கேட்டது. டாக்டரின் மூச்சு கேட்டது. பேச்சு வரவில்லை. அவருக்குப் பின்னால் ஒரு ஆண் ஆங்கிலத்தில் கத்தினான். விமானம் ஏன் போகிறது? ஏன் திரும்பிப் போகிறது?

அந்தப் பெண்ணுக்கு உயிர் இருக்கிறது; அவள் கணவனுக்குப் புரியக் கூடாது என்றுதான் தமிழ்.

அவள் விமானத்தை மறுபடி பாறையை நோக்கித் திருப்பினாள்.

இந்த முறை விளிம்பைத் தாண்டிவிட்டால் மறுபடி மேலே ஏற இடமில்லை. இடது எஞ்சினை நம்ப முடியாது.

உயரமாக வந்தாள். காற்று அழுத்தியபோது அழுத்த விட்டாள். விளிம்பு மேலே வந்தது, இன்னும் மேலே வந்தது. அவள் ஏதோ சொல்லிக் கத்தினாள். என்ன சொன்னாள் என்று பிறகு எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

விளிம்பு சக்கரங்களுக்குக் கீழே போனது.

தரை. பிரேக். மலை கண்ணாடி முழுக்க நிறைந்துகொண்டே வந்தது.

நின்றது.

மருத்துவமனை ஊழியன் ஒருவன் ஓடிவந்து கதவைத் திறந்தான். சட்டை முன்பக்கம் முழுவதும் ரத்தம். பெட்டியை வாங்கிக்கொண்டு ஓடுபாதை ஓரத்திலிருந்த மருத்துவமனைக்கு ஓடினான். அவள் முகத்தை அவன் பார்க்கவே இல்லை.

பெல்ட்டைக் கழற்ற அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று. இறங்கி, சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள்.

டாக்டர் வெளியே வந்தபோது இருட்டியிருந்தது. வராந்தா பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். விரல் இடுக்குகளில் ரத்தம் காய்ந்திருந்தது.

"ரத்தம் நின்னுட்டு. பொழச்சிக்கிடுவா."

அவள் தலையசைத்தாள்.

"ஒரு உயிரோட போகட்டும்னு நெனச்சேன்," என்றார். "இன்னொருத்தரையும் அந்தப் பாறையிலேருந்து தூக்க என்னால முடியாதும்மா."

திரும்பிப் பறந்த அந்த ஒரு நிமிடம் அவளிடமும் இருந்தது.

உள்ளேயிருந்து அந்தப் பெண்ணின் கணவன் எலியாஸ் வந்தான். அவள் முன்னால் முழங்காலிட்டு இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டான். அழுதான். பிறகு, ஏதோ நினைவு வந்தவனாக நிமிர்ந்து பார்த்தான்.

டாக்டர் உங்கள் மொழியில் என்னவோ சொன்னார், உடனே விமானம் திரும்பிப் போனது. என்ன சொன்னார் என்று கேட்டான்.

டாக்டர் தரையைப் பார்த்தார்.

"காற்று கொஞ்சம் தணியட்டும், ஒரு சுற்று சுற்றிவிட்டு வா என்றார்," என்றாள் அவள்.

எலியாஸ் ஒரு கையை விடுவித்து, டாக்டரின் கையையும் பிடித்துக்கொண்டான்.